ரிசர்வ் சைட்டில் பள்ளிக்கூடம்: பட்டா கைக்கு வந்த கதை

எங்கள் லேஅவுட்டின் ரிசர்வ் சைட் (பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிய இடம்) பட்டா போன வாரம்தான் ஊராட்சி பெயருக்கு மாறியது. இனி அங்கே தொடக்கப் பள்ளிக்கு வகுப்பறை கட்டலாம். இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். முக்கியமாக ஒன்று: பத்திரப் பதிவு ஆபீசில் ‘அப்படி ஒரு பத்திரமே இல்லை’ என்று சொன்னால் நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் வந்தால் தறிக்குடோனும் மில்லுமாக இருக்கிற பகுதி எங்களுடையது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். எங்கள் பள்ளியிலும் இடித்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் படிக்கிறார்கள். முகூர்த்த நாள் வந்தால் மரத்தடி. பழைய இடம் மெயின் ரோட்டை ஒட்டியது, லாரி நிற்காமல் ஓடும். அங்கேயே மறுபடி கட்ட வேண்டாம், லேஅவுட்டுக்குள் சும்மா கிடக்கும் ரிசர்வ் சைட்டில் கட்டலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவெடுத்தோம். நான் அதில் பெற்றோர் உறுப்பினர்.

ஜனவரி 26 கிராம சபையில் இதைச் சொன்னதும் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நெரிசல் வரும், சத்தம் வரும், சைட் விலை இறங்கும், அது பார்க்குக்கு விட்ட இடம் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். வண்டி நெரிசலைப் பற்றிப் பேசியவர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். ஆனால் பின்வரிசையில் இருந்த ஒருவர், “காலனிப் பசங்களும் இந்திக்காரங்க பசங்களும்தானுங்க வரப் போறாங்க, நம்ம வீதியில எதுக்கு?” என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஓட்டுகிற தறியில்தான் இந்த ஊரே சோறு தின்கிறது.

அவருக்குப் பதில் சொன்னது எங்கள் வீதியில் இருக்கும் ஒரு பெரியம்மா. “ராவும் பகலும் தறிச் சத்தத்துலதானுங்க தூங்கறோம். புள்ளைங்க படிக்கற சத்தம் மட்டும் எப்படிங்க காதைக் குத்தும்?” என்று கேட்டார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் தீர்மானம் எழுதவில்லை. வந்ததுமே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், தீர்மானப் புத்தகத்தில் பக்கம் காலியாகவே இருந்தது. நீங்கள் போனால் தீர்மானத்தை எழுதி, எண் போட்டு, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கத்திப் பேசி ஆகாது, காகிதம் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. லேஅவுட் வரைபடம் என்று சங்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது பல தடவை ஜெராக்ஸ் எடுத்த காகிதம். ரிசர்வ் சைட் இருக்கும் மூலை கறுப்பாக இருந்தது. ஊராட்சியில் கேட்டால் கோப்பைக் காணோம். அதனால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள். லேஅவுட் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, வரைபடத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அந்த எண் பெரும்பாலும் உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், நானும் அதைச் செய்த பிறகுதான் வந்தது. நீலம் வெளுத்த பழைய பிரிண்டின் நகல். கிழக்கு மூலையில் பூங்கா, அதற்கு இரண்டு வீதி தள்ளி 40 அடி ரோட்டில் பள்ளிக்கூடம் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டுக் கையால் எழுதியிருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பார்க் இடம் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் சிட்டாவில் இன்னும் லேஅவுட் போட்டு விற்றவர் பெயரே இருந்தது. அவர் தவறிவிட்டார். மகன் கம்பி வேலி போட்டு, விலை பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதியிருந்தால்தான் நாங்கள் பேச முடியும். அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் ‘வில்லங்கம் ஏதும் இல்லை’ என்று வந்தது. “இல்லைனு வந்துருச்சுல்ல, அப்புறம் என்னங்க தேடறது?” என்று பத்திரப் பதிவு ஆபீசில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். நானும் பெரியம்மாவும் ஒரு நாள் முழுக்க அந்த வராண்டாவில் உட்கார்ந்து வெறுங்கையோடு வந்தோம்.

வழி சொன்னது வெளியே இருந்த வயதான பத்திர எழுத்தர். “ஏனுங் அம்மிணி, இப்ப இருக்கற உட்பிரிவு நம்பரைப் போட்டா எப்படி வரும்? பத்திரம் எழுதுனப்ப இருந்த பழைய சர்வே நம்பரைப் போடுங். அப்ப உங்க ஊரு இந்த ஆபீஸ்லயே இல்லீங்” என்றார். எங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருக்கிறது. அந்த ஆபீசுக்குப் போய்ப் பழைய எண்ணைக் கொடுத்ததும் கிடைத்துவிட்டது. பள்ளி இடத்தையும் பூங்காவையும் ரோடுகளையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம், முறையாகப் பதிவானது. அதை வைத்துப் பட்டா மாற்ற யாரும் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடம் அப்படியே கிடந்திருக்கிறது.

அதன் பிறகு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு, சர்வேயர் அளவு, பட்டா எல்லாம் ஒழுங்காக நடந்தன. அளக்க வந்தபோது வேலியை மகனே பிரித்துவிட்டார்.

வண்டி நெரிசல் என்றவர்களோடு உட்கார்ந்து பேசினோம். பள்ளி கேட் வீதிப் பக்கம் வேண்டாம், 40 அடி ரோட்டுப் பக்கமே வைக்கலாம் என்று முடிவானது. சாயங்காலம் மைதானத்தை நடைப்பயிற்சிக்குத் திறந்துவிடுவது பற்றி இன்னும் பேச்சு இருக்கிறது. எனக்குச் சம்மதம்தான், தலைமையாசிரியர் யோசிக்கிறார்.

அக்டோபர் 2 கிராம சபையில் கட்டடத்துக்கான தீர்மானம் வருகிறது. அது இல்லாமல் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் எஸ்டிமேட் போட மாட்டார்களாம். நம் லேஅவுட் ஆட்கள் அவசியம் வாருங்கள். பட்டா நகல், தானப் பத்திர நகல், வரைபடம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.