புளியரைக்கு அந்தப் பக்கம் ஒரு வேகன் ஆர்

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

அப்பாவின் முழங்கால் இனி பைக்கில் ஏறாது. போன மாதம் மட்டும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை வாடகைக் கார். மூன்றாவது நடைக்குப் பணம் கொடுக்கும்போது முடிவாகிவிட்டது, பழைய கார் ஒன்று வாங்குவதென்று.

தென்காசியில் 2018 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், 3,95,000 சொன்னார்கள். பிரானூர் மரக்கடையில் கணக்கு எழுதும் அத்தானிடம் சொன்னேன். சிரித்தார். "அத எதுக்குல இங்க வாங்குத? புளியரை தாண்டிப் போ. அறுபது, எழுபது குறையும்."

புளியரை தாண்டினால் கேரளம். அங்கே விலை ஏன் குறைகிறது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு வண்டி லீவில் வரும் ஒரு மாதம் ஓடும், பாக்கி மாதமெல்லாம் தார்ப்பாய்க்குள் தூங்கும். விற்க நினைத்தால் லீவு முடிவதற்குள் விற்றாக வேண்டும். முந்தாநாள்தான் கேரளத்தில் வாக்குப்பதிவு முடிந்திருக்கிறது. ஓட்டுப் போட வந்தவர்கள் இன்னும் ஊரில்தான் இருப்பார்கள், இதுதான் சமயம் என்றார்.

அப்பாவுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. அவர் பிறந்தபோது எங்கள் ஊர் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வந்தோம். பாட்டி பெயரில் உள்ள பழைய பத்திரத்தில் இன்றைக்கும் சக்கரக் கணக்குதான், சக்கரம் அந்தக் காலத் திருவிதாங்கூர்க் காசு. "அது என்ன வேத்து ஊரா?" என்றார்.

மே 5, ஞாயிறு

பந்தளம். மெக்கானிக் அண்ணாச்சியும் கூட வந்தார். கூலி கேட்கவில்லை. திரும்பும்போது பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வெள்ளை வண்டி. 2018 ஜூனில் பதிவு. துடைத்து வைத்த வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி நின்றது. விலை 2,90,000. நான் மனதுக்குள் வாங்கியே விட்டேன். அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். பெல்ட் முழுவதும் வெளியே வந்தபோது, கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு.

அப்புறம் சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைத் தடவினார், துரு. ஸ்டெப்னி குழியில் விரலை விட்டார், நகத்துக்குள் வண்டல். விற்பவர் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "2018 ஆகஸ்ட்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேரள வெள்ளம். நம்ம மலையில் பிறந்து வரும் அச்சன்கோவில் ஆறு அந்த மாதம் பந்தளத்துக்குள் புகுந்தது. வண்டியின் வெளியே உள்ள சேற்றைக் கழுவிவிடலாம், பெல்ட் சுருளுக்குள் போனதை யார் கழுவுவார்கள்? இன்ஜின் ஓடும், ஒயரிங் ஒரு வருஷத்தில் காலை வாரும் என்றார். பெல்ட் விஷயத்தை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம், கேரள வண்டி பார்க்கப் போகிற யாருக்காவது உதவும் என்பதுதான்.

பரோட்டா நான்கு சாப்பிட்டார். நியாயம்தான்.

மே 12, ஞாயிறு

புனலூர். கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தை அண்ணாச்சி பார்க்க வேண்டும் என்றார், முதலில் அதைப் பார்த்தோம். சங்கிலியில் ஒரு துரு இல்லை என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இந்த மனிதரை எங்கே கூட்டிப்போனாலும் அதே சோதனைதான்.

வண்டி அருமை. 2018 மார்ச், கேஎல் 25, ஓடியது 31,000 கிலோமீட்டர். நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டோம். மீட்டரும் பதிவும் ஒத்துப்போயின. பெல்ட் சுத்தம். அடியில் கொஞ்சம் துரு, முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கிறது. 3,30,000-க்கு முடிந்தது. 20,000 முன்பணம்.

உரிமையாளர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார், லீவில் வந்திருக்கிறார், திரும்பிப் போக 29-ஆம் தேதி விமானம். அவருடைய அம்மா, அம்மச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், சாப்பிடாமல் விடவில்லை. அவர்களுக்குக் கப்பை, எங்களுக்கு மரச்சீனி. கிழங்கு ஒன்றுதான், மீன்குழம்பில் குடம்புளி மட்டும்தான் புதிது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆர்சி நகலை நிதானமாகப் பார்த்தேன். கீழே ஒரு வரி: வங்கிக் கடன்.

மே 14, செவ்வாய்

கடன் 2022-இலேயே அடைந்துவிட்டதாம். ஆனால் ஆர்சியில் இருந்து அதை எடுக்கவில்லை. வங்கி கொடுத்த கடிதம் எங்கோ இருக்கிறதாம், இருந்தாலும் பழைய கடிதம் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். அதோடு படிவம் 35. அதை முடித்தால்தான் படிவம் 28, அதாவது வேறு மாநிலத்துக்கு வண்டியை விடுவதற்கான தடையில்லாச் சான்று. அது வந்தால்தான் இங்கே 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றலாம். புது நம்பருக்குப் படிவம் 27. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்கூட இத்தனை எண் பார்த்ததில்லை.

அத்தான் சொன்னது வேறு: "என்.ஓ.சி.யெல்லாம் எதுக்கு? கேஎல் நம்பர்லயே ஓட்டு. யாரு கேக்கா?" இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வண்டி நின்றால் அந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். கேட்டால், "போன வாரம்தான் கொண்டு வந்தேன் சார்" என்பார்கள். அந்தப் போன வாரம் சில வண்டிகளுக்கு ஆறு வருஷமாக ஓடுகிறது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. விபத்து ஒன்று நடந்து, வண்டி வேறு யார் பெயரிலோ இருந்தால் என்னாகும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும்.

மே 22, புதன்

வங்கிக் கடிதம் கிடைத்தது. அதற்காக மட்டும் இரண்டு லீவு.

மே 28, செவ்வாய்

தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், வண்டி மேல் அபராதம் பாக்கி. ஒன்றல்ல, 11. எல்லாம் சீட் பெல்ட் போடாமல் ஓட்டியது, ஒன்றுக்கு 500 வீதம் 5,500 ரூபாய். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ரோட்டோரக் கேமராக்கள் அபராதம் போட ஆரம்பித்தன. மாநிலம் முழுக்க 726 கேமரா. இந்த வண்டியை மாட்டிவிட அத்தனை வேண்டியிருக்கவில்லை. பதினொரு படமும் ஒரே கேமரா, ஒரே சட்டை மாதிரிகூட இருக்கிறது.

ஓட்டியது உரிமையாளரின் அளியன். மச்சான் என்று புரிந்துகொள்ளலாம். வேலைக்குப் போகிற வழியாம். சரி, தார்ப்பாய்க்குள் தூங்கிய வண்டி அல்லவா இது என்று கேட்டேன். "குறச்சு நாள் எடுத்து" என்றார், கொஞ்ச நாள் எடுத்தாராம், தலையைச் சொறிந்துகொண்டு. நல்ல மனிதர், கோபப்பட முடியவில்லை. உரிமையாளருக்கு நாளை விமானம், நேரமில்லை. நானே 5,500 கட்டினேன். விலையில் 3,000 கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. எல்லாரும் டிவி முன்னால். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஓடிபி நாள். படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட்டோம், அதோடு உரிமையாளர் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். வலைத்தளம் அவருடைய ஊர் நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறது. அந்த சிம் ஷார்ஜாவில் இல்லை, புனலூர்ச் சமையலறையில், அம்மச்சியின் பட்டன் போனில் இருக்கிறது. அவருக்கு மெசேஜ் திறக்கத் தெரியாது.

நான் செங்கோட்டையில் கம்ப்யூட்டர் முன்னால். வீட்டில் இவள், என் மனைவி, லேண்ட்லைனில் பேசுவது மாதிரி கத்திப் பேசுகிற அம்மச்சியோடு இன்னொரு போனில். மேல் பட்டன், நடுப் பட்டன் என்று சொல்லிச் சொல்லித் திறக்க வைத்தபோது நேரம் முடிந்துவிட்டது. மறுபடி. மூன்றாவது தடவை எண்கள் வந்தன. நாலு, ஏழு, எட்டு... எல்லாம் நம்ம எண்தான். கடைசியில் "பூஜ்யம்" என்றார். இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டபிறகு அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லையாம். சிரித்ததில் எனக்குச் சொல்ல மறந்தாள். நாலாவது தடவையில் முடிந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அம்மச்சி இவளுக்குப் போன் செய்கிறார். வண்டியைப் பற்றி அல்ல.

ஜூன் 14, வெள்ளி

தடையில்லாச் சான்று வந்தது!

ஜூன் 16, ஞாயிறு

வண்டியை எடுத்து வந்தோம். அப்பாவும் வருவேன் என்று பிடிவாதம். தென்மலை தாண்டியதும் மழை பிடித்தது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். 1904-இல் ரயில் வந்த பாதை. மீட்டர் கேஜில் கொல்லத்துக்குப் போன கதையை ஐம்பதாவது தடவையாகச் சொன்னார். கண்ணாடி வழியே தண்ணீர் கசிகிறதா என்று நான் ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தேன். கசியவில்லை.

ஆரியங்காவு தாண்டி இறங்கினால் புளியரை எஸ் வளைவு. ஜல்லி ஏற்றிய லாரிகள் எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையாக ஏறுகின்றன. நம்ம மலையை உடைத்து அங்கே அனுப்புகிறோம், அங்கிருந்து பழைய கார் கொண்டு வருகிறோம். அப்பா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். கேஎல் நம்பர். காகிதங்களை நீட்டினேன், விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் சாரல். குற்றாலத்துக்குப் போகிற கேரள வண்டிகளுக்கு நடுவே நாங்களும் ஒரு கேரள வண்டியாக ஊருக்குள் வந்தோம். பக்கத்து வீட்டுப் பையன், "யாரு மாமா வந்திருக்கா?" என்று கேட்டான்.

ஜூலை 3, புதன்

இன்று வரி. இதுதான் இந்த வியாபாரத்தின் மர்மம், ஆனால் வாங்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புனலூர்க்காரர் 2018-இலேயே பதினைந்து வருஷத்துக்குக் கேரளத்தில் வரி கட்டிவிட்டார். அந்தப் பணம் வண்டியோடு மலை இறங்காது. தமிழ்நாட்டுக்கு வந்தால் இங்கே மறுபடி ஆயுள் வரி. 2023 நவம்பரில் அது ஏறியும்விட்டது: புது வண்டி என்றால் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். குறைத்து எனக்கு வந்தது 38,400.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் விலை குறைவது லீவாலோ தார்ப்பாயாலோ மட்டும் அல்ல. மலை தாண்டும் வண்டிக்கு மறுபடி வரி விழும் என்பது அங்கே வியாபாரம் செய்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

அங்கே மிச்சமுள்ள வருஷங்களுக்கான வரியைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியவர் பழைய உரிமையாளர். அதற்கு இங்கே புது நம்பர் ஏறிய ஆர்சி நகல் வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தது ஏஜெண்டின் பையன். துரு இருந்ததால் ஒரு எழுத்து விழவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி எடுத்தான். திருட்டு வண்டி இல்லை என்ற சான்றை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தப்பு என்னுடையது. மதியத்துக்குள் எடுத்து வாருங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

ஜூலை 20, சனி

டிஎன் 76.

இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றியாயிற்று. க்ளைம் இல்லாததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்திருந்த தள்ளுபடி ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அந்த வித்தியாசம் 2,650 நான் கட்டினேன்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தென்காசி விலைக்கும் புனலூர் விலைக்கும் வித்தியாசம் 65,000. வரியும் அபராதத்தில் என் பங்கும் சேர்ந்து 40,900. இன்சூரன்ஸ் மேலே சொன்னது. ஏஜெண்டுக்கு 4,000, கட்டணங்களும் நம்பர் பிளேட்டும் 2,900, அடியில் துருவுக்குப் பூச்சு 4,500, சஸ்பென்ஷன் 3,200, பஸ், டீ, பரோட்டா என்று 4,300. எடுத்த லீவைச் சேர்க்கவில்லை. மிச்சம் 2,550 ரூபாய்.

"அந்த ரெண்டாயிரத்து ஐநூத்தி அம்பத எங்கிட்ட எண்ணிக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வரியைத் திருப்பிக் கேட்பதற்கு ஆர்சி நகல் கொடுக்கப் புனலூர் போனோம், எங்கள் வண்டியிலேயே. ஆரியங்காவில் நிறுத்தினார்கள். டிஎன் நம்பர். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "தமிழ்நாட்டில நிந்நாணோ?" என்றார் காவலர். ஆமாம் என்றேன். பின் கண்ணாடியில் புனலூர் சர்ச் பெருநாள் ஸ்டிக்கர் இன்னும் இருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தார்.

வீட்டில் டிவியில் வயநாட்டு நிலச்சரிவு ஓடிக்கொண்டிருந்தது. முண்டக்கையில் இன்னும் தோண்டுகிறார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. அம்மச்சி கட்டஞ்சாயா கொடுத்தார். நகலை அளியன் வாங்கி வைத்துக்கொண்டார். வருகிற பணத்தில் பாதி உங்களுக்கு என்று ஷார்ஜாவில் இருந்து போனில் சொன்னார்கள். விண்ணப்பத்துக்கு மறுபடி ஓடிபி வருமாம்.

இவள் அந்தப் பட்டன் போனை எடுத்து, மெசேஜ் எங்கே திறப்பது என்று அம்மச்சிக்கு முதலில் இருந்து காட்டிக் கொடுத்தாள்.