முதுகில் ஒரு சின்னப் பெட்டி

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் பயிற்சி முடிந்து வந்த தம்பி ஹாக்கிச் சட்டையைக் கழற்றினான், உள்ளே ஒட்டிப் பிடித்த கறுப்புக் கச்சை மாதிரி இன்னொன்று. தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பை, அதில் தீப்பெட்டி அளவில் கருவி, வியர்வையில் சொதசொதவென்று. "இது இல்லாம இப்ப திடல்ல இறக்க மாட்டாங்கக்கா" என்றான்.

ஜிபிஎஸ் கருவிதான். பொதுவாக நொடிக்கு 10 முறை ஆள் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளும். கூடவே இருக்கும் ஆக்சிலரோமீட்டர், அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சின்ன உணரி, எத்தனை தடவை சட்டென்று வேகமெடுத்தார், எத்தனை தடவை சடாரென்று நின்றார் என்று எண்ணும், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் தசை நிறைய அடி வாங்குவது அங்கேதான். கால்பந்தில் 2015லிருந்து ஆட்டத்தின்போதே அணிய விதி இடம் கொடுக்கிறது. பூப்பந்துக்கு ஜிபிஎஸ் உதவாது, கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காதே.

நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. ஆனால் போன வருஷம் நடந்ததை மறக்க முடியவில்லை. அந்த வாரம் தம்பியின் ஓட்டச் சுமை, அதாவது ஓடி உழைத்த அளவு, குறைவு என்று திரை காட்டியது, அப்போதிருந்த பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து ஓட்டம் ஓடு என்றார். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று ராத்திரியாக ஆஸ்பத்திரியில் பாட்டி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன். எட்டாவது ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், ஆறு வாரம் போச்சு.

நம்ம ஊர் புழுக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, அதே ஓட்டத்துக்கே இதயம் கூடுதலாக அடிக்கும். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் பையனுக்குத் தெம்பு இல்லை என்றுதான் தோன்றும்.

2016இல் 56 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. இதயத் துடிப்பு, இரத்தப் பரிசோதனை போன்ற அளவுகளைவிட, அசதி, மனநிலை பற்றி வீரர் தன் வாயால் சொல்வதுதான் பயிற்சிச் சுமையை நன்றாகக் காட்டிக்கொடுத்தது என்கிறது அது. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதே!

இப்போதைய பயிற்றுநர் காலையிலேயே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார், தூங்கினாயா, எங்கே வலி, மனசு எப்படி. நேற்று தம்பி "சரியா தூங்கல கோச்" என்று அனுப்பினான். அன்றைக்கு அவனுக்கு வேக ஓட்டம் இல்லை, பந்து தள்ளும் பயிற்சி மட்டும்தான்.