காரில் வெந்துபோன கிட்

வாங்கிய அன்றைக்கே டெஸ்ட் செய்திருந்தால் முதல் 40 டாலர் வீணாகியிருக்காது. கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, வீட்டிலேயே எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் ஓராகுயிக் கிட் டப்பாவை காரிலேயே ஒளித்து வைத்தேன். டல்லாஸில் ஜூலை மாத வெயில். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. ராத்திரி பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு செய்து பார்த்தால், 20 நிமிஷம் கழித்தும் ஒரு கோடுகூட வரவில்லை. டெஸ்ட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் ‘சி’ கோடு வராவிட்டால் டெஸ்ட்டே செல்லாது. 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. இருந்த பதற்றத்தில் நான் படிக்கவில்லை.

மறுநாள் இன்னொரு கிட். இந்த முறை தாளை வரி விடாமல் படித்தேன். 15 நிமிஷத்துக்கு முன்பிருந்தே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பல் தேய்த்தாலோ மவுத்வாஷ் போட்டாலோ அரை மணி நேரம் விடவேண்டும். கிட்டில் உள்ள குச்சியால் மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். எச்சிலைத் துப்பி எடுப்பதில்லை. ஈறோரம் கசியும் நீரில் இருக்கும் ஆன்டிபாடியைத்தான், அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குவதைத்தான், இது பிடிக்கிறது. 20 நிமிஷத்துக்கு முன்னும் பார்க்கக் கூடாது, 40 நிமிஷத்துக்குப் பின்னும் பார்க்கக் கூடாது. தொற்றைக் காட்டும் ‘டி’ பக்கத்தில் எவ்வளவு மங்கலாகக் கோடு வந்தாலும் அதை பாசிட்டிவாகவே எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும்.

எனக்கு ‘சி’ மட்டும் வந்தது. அழுதுவிட்டேன்.

ஆனால் அது ஆணுறை கிழிந்த நாளிலிருந்து 24-வது நாள். கிட்டோடு வரும் இலவச உதவி எண்ணுக்கு எதற்கோ போன் போட்டபோதுதான், எடுத்துப் பேசிய அம்மா பொறுமையாகச் சொன்னார்: ஆன்டிபாடி டெஸ்ட்டில் தெரிய 23 முதல் 90 நாள் வரை ஆகலாம், இன்றைய நெகட்டிவை நம்பி இருந்துவிடாதீர்கள். ஈறு நீரில் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு, அதனால் ஆரம்பத்தில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். சாதாரண ஆட்கள் வீட்டில் செய்யும்போது தொற்று உள்ள 12 பேரில் ஒருவருக்குத் தப்பாக நெகட்டிவ் காட்டக்கூடும் என்று தாளிலேயே இருக்கிறது.

ஆபீஸுக்கு லீவு போட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். முன்மேசைப் பெண் எதற்கு வந்தேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். கூனிக் குறுகிப் போனேன். ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு எடுத்தது அதே ஈறு டெஸ்ட்! ரத்தம் எடுங்கள் என்றால், அதற்கு வேறொரு நாள் வரவேண்டுமாம். போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது கேளுங்கள்: “கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் ஆன்டிஜன்-ஆன்டிபாடி டெஸ்ட்டா?” இது பி24 என்ற ஆன்டிஜனையும், அதாவது கிருமியின் ஒரு பகுதியையும், சேர்த்துப் பார்ப்பதால் 18 முதல் 45 நாளுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

வேறு லேபில், 46-வது நாள் அதைக் கேட்டு எடுத்தேன். ஃபாரத்தில் வெறும் ஆன்டிபாடி என்று டிக் போட்டிருந்தார்கள். நான் சுட்டிக்காட்டியதும் அங்கிருந்தவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டே நாளில் ரிசல்ட்: நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ்.

இன்னும் மனசை அறுப்பது ஒன்றுதான். 72 மணி நேரத்துக்குள் போயிருந்தால் தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையைத் தொடங்கியிருக்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்காததன் விலை அது.

ஊரில், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குப் போன் போடலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

91-வது நாள் கடைசியாக ஒரு கிட் செய்தேன். அதைக் கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, என் அலமாரியில் வைத்திருந்தேன். ‘சி’ மட்டும்தான் வந்தது.