சாம்பல் நிற ஆற்றில் பதினொரு நாட்கள்

டாட்ஷென்ஷினி ஆறு ஓடுவதைக் காதால் கேட்கலாம். துடுப்பை நிறுத்திவிட்டு ரப்பர் படகின் அடித்தட்டில் காதை வைத்தால், சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்தது போன்ற சீற்றம் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். பனியாறுகள் மலையை அரைத்து அனுப்பும் பாறைமாவு படகின் தோலை உரசிச் செல்லும் ஓசை அது. ரப்பர் படகில் ஆற்றோடு போகும் ராஃப்டிங் என்றாலே நுரை பொங்கும் வெள்ளைநீர்தான் என்று எண்ணிப் போன எனக்கு, அந்த ஆறு சிமென்ட் கரைத்தது போன்ற சாம்பல் நிறத்தில் ஓடியது முதலில் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

கனடாவின் யூக்கான் பகுதியில் டால்டன் போஸ்ட் என்ற இடத்தில் படகை இறக்கினால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கு மூலையைக் கடந்து, ஆல்செக் ஆற்றோடு கலந்து, அலாஸ்காவின் ட்ரை பே கடற்கரையில் கரையேறலாம். ஏறக்குறைய 225 கிலோமீட்டர். இடையில் ஊரோ பாலமோ கிடையாது. நடுவழியில் மனம் மாறினால் வெளியேற ஹெலிகாப்டர்தான் வழி. நாங்கள் மூன்று படகுகளில் பத்துப் பேர் போனோம். ஜூலை மாதம் என்பதால் இரவு பதினொரு மணிக்கும் விளக்கில்லாமல் படிக்க முடிந்தது.

பயணத்தின் பெரிய வெள்ளைநீர்ப் பகுதி முதல் நாளிலேயே வந்து முடிந்துவிடுகிறது. டால்டன் போஸ்ட்டுக்குக் கீழே உள்ள குறுகிய பள்ளத்தாக்கில், ஆறு தரங்களாகப் பிரிக்கும் அளவுகோலில் மூன்றாம் நான்காம் தரத்து அலைகளுக்கு நடுவே, கத்தினோம், நனைந்தோம், ஒருவரும் விழவில்லை. பிறகு பத்து நாட்களுக்கு அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆயினும் நான் உண்மையில் பயந்தது அதற்குப் பின்னர்தான்.

தெளிந்த ஆற்றில் பாறை எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். இங்கே ஒரு சாண் ஆழத்தையும் பத்து அடி ஆழத்தையும் நிறத்தால் பிரித்தறிய முடியாது. மேற்பரப்பின் சுருக்கங்களையும், எங்கே நீர் வழவழவென்று வீங்குகிறது, எங்கே சிற்றலைகள் திடீரென்று நின்றுபோகின்றன என்பதையும் பார்த்தே வழி தேட வேண்டும். பனியாற்றுக் கிளைகள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, ஆறு பிரித்துப் போட்ட சடைபோல் பத்துப் பன்னிரண்டு கால்களாகச் சிதறுகிறது. தவறான காலில் நுழைந்தால் சரளைத் திட்டில் தரை தட்டி, இடுப்பளவு குளிர்நீரில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டியதுதான்.

நான்காம் நாள் துடுப்பு என் கையில் இருந்தது. ராஃப்ட்டில் துடுப்பு வலிப்பவர் ஆற்றின் போக்கைப் பார்த்து உட்காருகிறார். எதிலிருந்து தப்ப வேண்டுமோ அதை நோக்கிப் படகின் மூக்கைத் திருப்பி, பின்னோக்கி வலிக்க வேண்டும் என்பது பாடம். முன்னோக்கித் தள்ளுவதைவிட முதுகும் காலும் சேர்ந்து இழுப்பதற்கே வலிமை அதிகம். ஆபத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கமுள்ள எனக்கு, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு அதிலிருந்து விலகும் இந்த முறை எளிதில் கைவரவில்லை. அன்று மாலை தங்க வேண்டிய இடப்பக்கக் கரை நானூறு மீட்டர் தொலைவில் தெரிந்தபோது, இன்னும் நேரமிருக்கிறது என்று எண்ணினேன். இரைச்சலில்லாத தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும் என்று கண் பொய் சொல்லியது. நான் வலிக்கத் தொடங்கியபோது கரை எதிரில் வந்துவிட்டது; கரையோரம் ஓட்டம் அடங்கித் திரும்பும் சுழிக்குள் மூக்கை நுழைப்பதற்குள் ஓட்டம் எங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. மற்ற இரண்டு படகுகளும் வேறு வழியின்றி எங்கள் பின்னால் வர, கூடாரம் போடத் தகுதியில்லாத கல்மேடொன்றில் அந்த இரவைக் கழித்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீரின் வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகளே மேல். விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் வசம் இருக்காது. அடுத்த பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் கயிற்றைப் பற்றும் வலிமையை இழந்துவிடும். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும், நீர் புகாத ட்ரைசூட் உடையை நாள் முழுதும் அணிந்திருந்தது இதற்காகத்தான். முகாமில் வேறு ஒழுங்குகள்: சமையல் ஓரிடம், உறக்கம் கிரிஸ்லி கரடியை எண்ணி வெகுதூரத்தில், மலம் உட்பட எல்லாக் கழிவும் மூடிய பெட்டியில் எங்களோடே பயணம் செய்தது. ஆற்றுநீரை வாளியில் பிடித்து இரவு முழுதும் தெளியவைத்தால், காலையில் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல் படிந்திருக்கும்.

இந்தத் தனிமை தானாகக் கிடைத்ததன்று. ஆற்றங்கரை மலையொன்றில் விண்டி கிராகி என்ற பெரும் செப்புச் சுரங்கம் தோண்டத் திட்டமிருந்தது. அங்குள்ள தாது கந்தகம் கலந்தது; அதைக் காற்றும் மழையும் தொட்டால் அமிலம் கசிந்து சால்மன் மீன்கள் ஏறிவரும் நீரில் கலக்கும் என்று எதிர்ப்பு வலுத்தது. 1993-இல் பிரிட்டிஷ் கொலம்பிய அரசு சுரங்கத்தை மறுத்து அப்பகுதி முழுவதையும் பூங்காவாக அறிவித்தது. மறு ஆண்டே அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காடு என்று நாம் சொல்லும் இந்நிலம் சாம்பெயின்-ஏஷியாக் பழங்குடியினருக்குத் தாய்நிலம். 1999-இல் இதே பூங்காவில் உருகிய பனியாற்றின் விளிம்பில் பழங்கால இளைஞர் ஒருவரின் உடல் கிடைத்தது. மரபணுச் சோதனையில் அவருடைய உறவினர் பதினேழு பேர் இன்றும் உயிரோடு இருப்பது தெரியவந்தது. மனிதர் கால் படாத இடம் என்று விளம்பரங்களில் எழுதுபவர்கள் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆல்செக் வந்து சேரும் இடத்தில் ஆறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகன்றுவிடுகிறது. ஆல்செக் ஆற்றின் மேற்பகுதியில்தான் டர்ன்பேக் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1971-இல் வால்ட் பிளாக்கடார் என்ற மருத்துவர் தனி ஆளாகக் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் அதைக் கடந்தார். இன்று அவ்வழியே வரும் ராஃப்ட் குழுக்கள் அந்தப் பகுதியை ஹெலிகாப்டரில் தாண்டுகின்றன. அவருடைய துணிவை வியக்கிறேன். தனியாகப் போனதை என்னால் மெச்ச முடியவில்லை.

ஒன்பதாம் நாள் ஆல்செக் ஏரியை நெருங்கினோம். ஏரியின் வாயிலில் ஒரு பாறைக் குன்று நிற்கிறது. அதைச் சுற்றி உள்ளே போகும் மூன்று வழிகளைப் படகோட்டிகள் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் கதவு என்கிறார்கள். எது திறந்திருக்கும் என்பதைக் காற்றும் மிதக்கும் பனிப்பாறைகளும் அன்றன்று முடிவு செய்கின்றன. ஆறு உங்களை இழுத்துக்கொண்டு போய் அடைபட்ட கதவில் நிறுத்தினால், எதிரோட்டத்தில் திரும்பி வருவது நடவாது. ஆகவே முன்கூட்டியே கரையேறி, மேட்டில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடளவு பனிப்பாறை ஒன்று தலைகீழாகப் புரண்டு, நீல நிற அடிவயிற்றைக் காட்டியது. அதன் அலை கரையை அடைய வெகுநேரமாகவில்லை. இம்முறை நான் துடுப்பைக் கேட்கவில்லை. வழிகாட்டிப் பெண் ஓட்டம் பிடிப்பதற்கு முன்பே வலிக்கத் தொடங்கி, குன்றைப் பார்த்தபடியே அதிலிருந்து விலகி, எங்களை ஏரிக்குள் கொண்டுசேர்த்தார். உள்ளே ஓட்டமில்லை, சிறு பனித்துண்டுகள் காற்றுக்குமிழ்களை விட்டு உடையும் ‘படபட’ ஒலி மட்டும்.

அந்த ஏரிக்கும் பக்கத்திலுள்ள கிராண்ட் பிளாட்டோ ஏரிக்கும் இடையே அணைபோலக் கிடக்கும் பனி மெலிந்து வருகிறது. அது விலகியதும் ஆறு ட்ரை பேயைக் கைவிட்டு வேறு வழியாகக் கடலை அடையும் என்று 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினோராம் நாள் நாங்கள் இறங்கிய சரளைக் கரை அப்போது பெரிய ஆறில்லாத கரையாகிவிடும்.

சிறு விமானத்துக்குக் காத்திருந்தபோது, படகுகளின் காற்றைத் திறந்துவிட்டுச் சுருட்டினோம். ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் சாம்பல் மாவு கொட்டியது. விமானத்தில் எடை கூடக் கூடாது என்பதால் விரித்து உதறி, மீண்டும் சுருட்டினோம். இரண்டாம் முறையும் கொட்டியது.