சூடேறினால் மறையும் நிறம்

துணியில் வரைந்த பூ, பக்கத்தில் ஆள் வந்ததும் மெல்ல மறைய வேண்டுமா? 31 டிகிரியில் நிறமிழக்கும் வெப்ப நிறமிப் பொடி 2 கிராம், நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் (பொடியைத் துணியில் பிடித்துவைக்கும் கூழ்) 10 கிராம். இதுதான் பெயின்ட். பொடி கூடினால் காய்ந்ததும் விரிசல் விடும். தின்னர், அசிட்டோன் ஒரு சொட்டும் வேண்டாம். நிறமியைப் பொதிந்திருக்கும் நுண்ணுறை கரைந்துவிடும். அடியில் மஞ்சள் பூசி மேலே சிவப்பு நிறமி போட்டால், சூட்டில் மஞ்சள் வெளிப்படும்.

துணியின் பின்புறம் 0.25 மி.மீ. நைக்ரோம் கம்பி (மின்சாரத்தில் சூடேறும் கம்பி) அரை மீட்டர், பாம்பு போல வளைத்துத் தையுங்கள். வளைவுகள் எங்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பருத்தித் துணியே நல்லது, பாலியஸ்டர் அதிகச் சூட்டில் உருகும். அரை மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 11 ஓம். 5 வோல்ட்டில் 0.45 ஆம்பியர், 2 வாட்டுக்குச் சற்று மேல். நைக்ரோமில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது, திருகு முனையில் இணையுங்கள்.

ஆள் வந்ததைச் சென்சார் மூலம் அறிந்து கம்பியை இயக்குவது ஆர்டுயினோ எனும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை. அதன் பின்னில் (இணைப்பு முனையில்) கம்பியை நேரடியாக இணைத்தால் பலகை போச்சு. நடுவில் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (5 வோல்ட்டிலேயே முழுசாகத் திறக்கும் மின்னணு சுவிட்ச்) வையுங்கள். சாதாரண மாஸ்ஃபெட் 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காமல் தானே கொதிக்கும். மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் (அதை இயக்கும் முனை) கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். இல்லையேல் பலகை உயிர்பெறும் நொடியில் கம்பி தானாகச் சூடேறலாம்.

மறைவதைவிட நிறம் திரும்ப அதிக நேரமாகும். அந்தத் தாமதத்தையும் ஓவியத்தில் சேர்த்தே யோசியுங்கள். அறையே 31 டிகிரி தாண்டினால் பூ எப்போதும் மறைந்தேயிருக்கும், 45 டிகிரி பொடிக்கு மாறுங்கள். நேர் வெயிலில் மட்டும் மாட்டாதீர்கள், புற ஊதாக் கதிர் நிறமியைத் தின்றுவிடும்.