மெர்போக் கூண்டில் வைத்த காக்கட்டீல்

பினாங்கில் பறவைக் கூண்டு என்றாலே எனக்கு வட்டக் கூண்டுதான் ஞாபகம் வரும். ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்தபோது எதிர் வீட்டு மலாய்க்காரத் தாத்தா தினமும் காலையில் மெர்போக் புறாக் கூண்டுகளைக் கயிறு கட்டிக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார். கோப்பிக் கடைகளிலும் சீனப் பெரியவர்கள் பாடும் பறவைகளை அப்படிப்பட்ட கூண்டுகளில்தான் தொங்கவிட்டிருப்பார்கள். அதனால் என் மகன் பொன்னி என்ற காக்கட்டீல் கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, மேலே கோபுரம் மாதிரி குவிந்த ஒரு வட்டக் கூண்டை 85 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

பொன்னி லுட்டினோ என்ற நிற வகைக் காக்கட்டீல். வெளிர் மஞ்சள் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. சில வாரங்களிலேயே அவளுடைய வால் நுனி பிய்ந்துபோய்த் துடைப்பம் மாதிரி ஆனது. காக்கட்டீலின் நீளம் 30 சென்டிமீட்டருக்கு மேல், அதில் பாதி வால்தான். வட்டக் கூண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வால் கம்பியில் உரசியது. இறகு உதிரும் பருவம் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன்.

அப்புறம் தீ கோங் இரவு வந்தது. சீனப் பெருநாளின் ஒன்பதாம் நாள், ஹொக்கியன் மக்கள் விண்ணுலகப் பேரரசரை வழிபடும் நாள். பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் நடுராத்திரியே பட்டாசு தொடங்கிவிடும். சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று நான் கூண்டு முழுவதையும் தடித்த துணியால் மூடியிருந்தேன். முதல் வெடி கேட்டதுமே உள்ளே படபடவென்று இறக்கை அடிக்கும் சத்தம். துணியை எடுத்துப் பார்த்தால் கம்பியெல்லாம் ரத்தம். வளர்ந்துகொண்டிருந்த ஓர் இறகு முறிந்திருந்தது. வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், முறிந்தால் நிற்காமல் கசியும். சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கூண்டு எப்படி இருக்கும்?"

காக்கட்டீல்கள் இருட்டில் திடுக்கிட்டு முட்டி மோதிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான் என்று அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. எதில் மோதுகிறோம் என்பதே தெரியாமல் அடித்துக்கொள்ளும். நான் முழுக்க மூடி, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் பறித்திருக்கிறேன். வட்டக் கூண்டில் ஒதுங்குவதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் 19 வருஷமாக இருக்கிறேன். அளப்பதுதான் என் வேலை. அன்று சாயந்திரம் அந்தக் கூண்டையும் அளந்தேன். கம்பிகளுக்கு நடுவே வயிற்றுப் பகுதியில் 22 மில்லிமீட்டர் இடைவெளி. மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. கீழே தலை நுழைந்து மாட்டலாம், மேலே விரல் சிக்கலாம். காக்கட்டீலுக்கு 13 முதல் 16 மில்லிமீட்டர்தான் சரியான இடைவெளி.

இன்னொன்று, கம்பிகள் எல்லாம் மேலிருந்து கீழாக நின்றன. மெர்போக் ஒரு கோலில் உட்கார்ந்து கூவும் பறவை. காக்கட்டீலோ அலகையே மூன்றாவது காலாக வைத்து ஏறும். நிற்கும் கம்பியில் பிடித்தால் சறுக்கித்தான் விழும், ஏறுவதற்குக் குறுக்குக் கம்பி வேண்டும். அதன் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் தண்ணீர் தேடி வெகுதூரம் பறக்கும் இனம் இது. பக்கவாட்டில் பறக்கிற பறவைக்கு உயரத்தைக் கொடுத்து என்ன பயன்? கூண்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் நீளத்தைப் பாருங்கள். ஒரு பறவைக்கு நீளமும் அகலமும் 20 அங்குலம், உயரம் 24 அங்குலம் என்பது கடைசி எல்லை. அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நல்ல அளவுக் கூண்டு மலிவாகக் கிடைத்தது, ஆனால் துத்தநாகம் பூசிய கம்பி. கம்பியைக் கொறித்துக்கொண்டே இருக்கும் பறவைக்கு அது விஷம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, நம் உப்புக் காற்றுக்கும் துருப்பிடிக்காது. அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் பவுடர் கோட்டிங் செய்தது, 30 அங்குல நீளம், 30 உயரம், 260 வெள்ளி. பூச்சு எங்காவது உரிந்திருக்கிறதா என்று கடையிலேயே கைப்பேசி விளக்கைப் போட்டு ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். கடைக்காரப் பையன் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கு என் நன்றி. மேலே இழுத்துத் திறக்கும் தீனிக் கதவுகளை மட்டும் ஸ்டீல் கொக்கி போட்டுப் பூட்டினேன். அலகால் தூக்கிவிட்டுத் தலையை நீட்டினால் கதவு கழுத்தில் விழும்.

கூடவே வந்த பிளாஸ்டிக் கோல்களையும் உப்புத்தாள் உறையையும் எடுத்துவிட்டேன். ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும். நிபோங் திபாலில் தம்பி வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து மருந்து அடிக்காத கிளைகளை வெட்டி, கழுவிக் காயவைத்து மாட்டினேன். ஒன்று விரல் தடிமன், ஒன்று கட்டை விரலைவிடப் பெரிது. பட்டையை உரிப்பதே அவளுக்குப் பாதி நாள் வேலை.

எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. என் வீட்டுக்காரர் பால்கனி என்றார். பால்கனியில் மத்தியான வெயில் நேராக அடிக்கும், காக்கைகள் வந்து உட்காரும். ஹாலில் சுவரை ஒட்டி, என் கண் மட்டத்தில் வைத்தோம். எங்கள் ஃப்ளாட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே இல்லை. நான்ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடேறினால் வரும் புகை பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும் என்று தெரிந்ததும் அந்தத் தோசைக்கல்லை அன்றே தூக்கிப் போட்டேன். அம்மாவின் பழைய இரும்புக் கல் மறுபடி அடுப்பேறியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் இப்போது வாசலோடு சரி.

இந்த வருஷத் தீ கோங் இரவுக்குக் கூண்டின் பின்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் மட்டும் துணியால் மூடி, பக்கத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு போட்டேன். பன்னிரண்டு அடித்ததும் வெடி கேட்டது. பொன்னி ஒருமுறை கத்திவிட்டு, குறுக்குக் கம்பியில் தொற்றி ஏறி, மூலையில் ஒண்டிக்கொண்டாள். கொண்டை விறைத்து நின்றது. நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி தாண்டியதும் கொண்டை மெல்ல இறங்கியது. கொய்யாக் கிளைக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தூக்கம் வரும்போது செய்வது போல அலகை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தாள்.