முதல் பரிந்துரையில் ஊசியே இல்லை

செங்டுவில் சான்றுசார் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, முகவாதத்துக்கான அக்குபங்சர் சிகிச்சை வழிகாட்டி ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வுகளைத் தேடிச் சலித்துத் தரம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஊசியைக் கையால் தொட்டதில்லை என்பதே என் தகுதி என்றார் குழுத் தலைவர். எந்தப் பக்கமும் சாய மாட்டேனாம்.

திடீரென்று ஒரு பக்க முகம் செயலிழந்து வாய் கோணிக்கொள்ளும் 'பெல்ஸ் பால்சி' வந்தால், சீனாவில் பலரும் அக்குபங்சர் பிரிவைத்தான் தேடிப் போகிறார்கள். ஆகவே ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. சிஎன்கேஐ, வான்ஃபாங் என்ற சீன ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் தேடினால் வந்து கொட்டுகின்றன. ஆனால் பல கட்டுரைகள் முடிவில் தருவது 'மொத்தப் பலன் விகிதம்' என்ற ஒற்றை எண். குணமானவர், நன்கு தேறியவர், ஏதோ கொஞ்சம் தேறியவர் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினால் 90 சதவீதத்தைத் தாண்டாமல் என்ன செய்யும்? மருந்தே கொடுக்காமல் கவனித்த டென்மார்க் நோயாளிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் முழுமையாகக் குணமடைந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. தானாகவே ஆறக்கூடிய நோயில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. முகத்தின் இயக்கத்தை ஆறு படிகளாக அளக்கும் ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலைப் பயன்படுத்திய ஆய்வுகளையே முதன்மையாக எடுத்துக்கொண்டோம். குவியல் பாதிக்கு மேல் கரைந்தது.

மிச்சமிருந்தவற்றின் ஆசிரியர்களைத் தொலைபேசியில் பிடித்தோம். "நோயாளிகளை எப்படி இரண்டு குழுவாகப் பிரித்தீர்கள்?" என்பதுதான் கேள்வி. "வந்த வரிசைப்படி. ஒற்றைப்படை எண் இந்தப் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம்" என்றார் ஒருவர், கூச்சமே இல்லாமல். கட்டுரையில் அது சமவாய்ப்பு ஆய்வு, அதாவது யார் எந்தக் குழு என்பதை யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி குலுக்கல் போலப் பிரித்த ஆய்வு, என்று அச்சாகியிருந்தது. இது புதிதுமல்ல. சீன இதழ்களில் அப்படி அறிவிக்கப்பட்ட ஆய்வுகளின் ஆசிரியர்களிடம் இதேபோல் விசாரித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 7 சதவீதம்தான் உண்மையான சமவாய்ப்பு ஆய்வுகளாகத் தேறின.

338 நோயாளிகளை வைத்துக் கனடிய மருத்துவச் சங்க இதழில் 2013-இல் வெளியான சீன ஆய்வு நன்றாகவே செய்யப்பட்டது. ஆனால் அதில் இரு குழுவுக்குமே ஊசியும் உண்டு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உண்டு. ஊசியை அழுத்தமாகத் தூண்டுவதா, சும்மா விடுவதா என்பதே அங்கே ஒப்பீடு. ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற எங்கள் கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சான்றுகளின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் கிரேடு (GRADE) முறைப்படி தரத்தைக் குறைத்தேன்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி அதே ஆண்டில், அக்குபங்சர் குறித்துப் பரிந்துரை எதுவும் செய்ய இயலாது என்று ஒதுங்கிக்கொண்டது. அவர்களால் முடியும். இங்கே நோயாளி ஏற்கெனவே கட்டிலில் படுத்திருக்கிறார்.

நிபுணர் கூட்டத்தில் சண்டை வேறொன்றுக்கு. முதல் வாரத்தில் முகத்தில் குத்தலாமா? நரம்பு வீங்கியிருக்கும்போது முகத்தைத் தொடாதே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹெகு போன்ற தூரப் புள்ளிகள் போதும் என்றது ஒரு கட்சி. மெல்லிய ஊசியால் மேலோட்டமாக முதல் நாளே தொடங்கலாம் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் உருப்படியான சான்று இல்லை. நிபுணர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு ஒருமித்த முடிவு தேடும் டெல்ஃபி வாக்கெடுப்பிலும் இழுபறி. கடைசியில் முதல் வாரத்தில் முகத்தில் மின்தூண்டல் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போய், மற்றதை மருத்துவரின் முடிவுக்கு விட்டார்கள்.

எந்தப் பரிந்துரை முதலில் வர வேண்டும் என்று கேட்டபோது, கூட்டத்திலேயே மூத்த அக்குபங்சர் மருத்துவர்தான் வாயைத் திறந்தார்: "72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு. ஊசிக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது." யாரும் மறுக்கவில்லை. அக்குபங்சர் இரண்டாவதாக, கூடுதல் சிகிச்சையாக, வலுவற்ற பரிந்துரையாக இடம்பெற்றது.

வரைவைக் கருத்துக்கு அனுப்பியதும், மாவட்ட மருத்துவமனை மருத்துவர் ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்: "சர்க்கரை நோயாளி வந்தால்?" ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வரைவில் அது இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கண்காணிக்கும்படி சொல்லும் குறிப்பு வாக்கெடுப்பு இல்லாமலே முதல் பரிந்துரையின் கீழ் சேர்ந்தது.